ஆராயிக்கு மெட்ராஸில் ஒரு ரத்தப் பரிசோதனை

பரமத்தி வேலூர்,
19-2-1985, செவ்வாய்.

சிரஞ்சீவி மாப்பிள்ளை அருணகிரி அவர்களுக்கு, மாமன் தண்டாயுதபாணி ஆசிகளுடன் எழுதுவது. இங்கு காவிரியும் வெற்றிலைக் கொடிக்காலும் நானும் சௌக்கியம். அங்கு நீங்களும் என் மகள் பூங்கோதையும் அவ்வாறே இருப்பீர்களென நம்புகிறேன். தங்கள் கடிதத்தில் தேதி இல்லாததால், தபால் முத்திரையைப் பார்த்து 9ஆம் தேதி என நானே நிர்ணயித்துக்கொண்டேன்.

இரண்டு குழந்தைகளைத் தொட்டிலிலேயே பறிகொடுத்த உங்களுக்கு, மெட்ராஸ் டாக்டர் ரத்தத்தில் பரம்பரைக் கூறுகளைச் சோதித்துக் காரணம் சொன்ன பிறகுதான் பூங்கோதை அழுகையை நிறுத்தினாள் என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் உரக்கப் படிக்கையில், வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த நம் கொடிக்கால் வேலையாள் ஆராயி கேட்டுவிட்டாள். அவளும் தன் மாமன் செங்கோடனைக் கட்டி இரண்டைப் பறிகொடுத்தவள்.

"எனக்கும் அப்படிப் பாத்துச் சொல்லுவாங்களா சாமி? ஊருல ராசி கெட்டவங்கறாங்க. எங்குத்தமா, ரத்தத்துக் குத்தமான்னு தெரிஞ்சாப் போதுமுங்க."

15ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவளை ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். என் சலவை வேட்டியைக் கண்டதும் கம்பவுண்டர், "கவுண்டரே, வாங்க, உக்காருங்க" என்று உள்ளே அழைத்துப்போனார். ஆராயியைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டார். பரம்பரை ரத்தச் சோதனைக்கு வந்திருக்கிறோம் என்று நான் சொன்னதும் டாக்டர், "கல்யாணம் சொந்தத்துலயா?" என்றார். குடும்பப் பெருமையைக் கேட்கிறார் எனக் கருதி, "மூணு தலைமுறையா சொந்தத்த விட்டு அசலுல குடுத்ததே இல்லீங்க!" என்றேன். அவர் திடுக்கிட்டு என் விரலைக் குத்தினார், நாக்கை நீட்டச் சொன்னார், நெஞ்சைப் படம் பிடிக்க அனுப்பினார், நான் வாயைத் திறக்குமுன் ஊசியால் ரத்தமும் எடுத்துவிட்டார்.

"நோயாளி வெளியில நிக்கறாங்க" என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கா? அதுக்கு மெட்ராஸ்தான் போவோணும். காட்டு வேலைக்குப் போறதுகளுக்கு அதெல்லாம் எதுக்குங்க? டானிக் எழுதறேன்."

ஆக, என் ரத்தம் பரிசுத்தமாம். ஆராயிக்குச் சிவப்பு டானிக்.

ஆதலால், தங்களுக்கு ஆட்சேபணை இல்லையெனில், தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி, ஆராயியைக் காட்ட மார்ச் மாதத்தில் ஒரு நாள் பெற்றுத் தரவேண்டுகிறேன். பதில் வரும்வரை நாங்கள் இங்கிருந்து அசைய மாட்டோம். பதிலில் தேதி இருக்கட்டும்.

இருவரும் நீடூழி வாழ மாரியம்மன் துணையிருப்பாளாக.

தங்கள் மாமன்,
தண்டாயுதபாணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை ஆராயிக்குப் படித்துக் காட்டினேன். "மார்ச்சு வரைக்கும் எதுக்குங்க சாமி? நம்ம பூங்கோதை சின்னம்மணிக்குச் சொன்ன காரணத்துல பாதிய எனக்குச் சொன்னாக்கூடப் போதுமே" என்றாள். மேற்கண்ட வேண்டுகோள்களை ரத்துச் செய்கிறேன். 21ஆம் தேதி வியாழக்கிழமை ஆராயி, செங்கோடன், நான் மூவரும் மெட்ராஸுக்குப் பஸ் ஏறுகிறோம். இக்கடிதம் எங்களுக்குப் பின்னால்தான் வந்து சேரும். அதற்குள் ஆராயியே உங்களிடம் எல்லாவற்றையும் கேட்டிருப்பாள்.