மூன்று கிண்ணம் இளமை

இளமையின் விலை முந்நூறு. பேரம் கிடையாது. மூன்று சீசாவாக வாங்கினால் நூறு தள்ளுபடி. போன இளமையைத் திருப்பித் தருகிற மனிதர் அதிலும் தள்ளுபடி தருகிறார் என்றால், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

மாதவிலக்கு நிற்கும் வயதுப் பெண்கள் அவர் மாடிப்படி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று உடம்பு கொதிக்கும். ராத்திரி வேர்வையில் தலையணை நனையும். தூக்கம் வராது, கோபம் மட்டும் கூப்பிடாமலே வரும். வீட்டில் சொன்னால், "ஃபேனைக் கூட்டி வச்சுக்கோ" என்பார்கள். ஹோமியோபதி டாக்டரோ அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்டார். பாதி நோய் அதிலேயே குறைந்தது. மீதி, தானாக வந்து தானாகப் போகிற ரகம். இரண்டுக்குமான பெயரைத் தட்டிக்கொண்டு போனது வெள்ளை உருண்டை.

கணவன்மார் முகம் சுளிக்காமல் பணம் கட்டினார்கள். தாங்கள் உட்கார்ந்து கேட்பதைவிட அது மலிவு.

சூட்டுக்கு ஒரு சீசா, தூக்கத்துக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று.

"கரைக்கக் கரைக்க வீரியம் ஏறும்" என்று விளக்குவார் டாக்டர். "கடைசியில மருந்தே இருக்காது. அப்பத்தான் உச்சம்."

"அப்ப பீஸையும் கரைச்சுத் தரலாமா?" என்றார் ஒரு கணவர்.

"பணத்துக்கு அந்த விதி பொருந்தாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கட்டினார்கள்.

பொத்தான் மொத்த வியாபாரம் செய்யும் வீட்டில் இரண்டு மருமகள்கள். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. மூத்தவள் கடையைப் பார்த்தாள். இளையவள் உருண்டை சாப்பிட்டாள். மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆன இளையவளுக்கு ஒரு நாள் மறுபடி ரத்தம் பட்டது. பதறிப்போய் டாக்டரிடம் ஓடினாள்.

"பாத்தீங்களா? இளமை திரும்புது" என்றார் அவர்.

படியில் இருந்தவர்கள் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள். "நீங்க எத்தனை சீசாம்மா?" என்று ஒருத்தி ரகசியமாக விசாரித்தாள். மறுவாரம் அவளுக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்தது. மூச்சு விடுகிற விளம்பரப் பலகை, வாடகையும் இல்லை.

மூத்தவளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "நின்னது மறுபடி வந்தா ஆஸ்பத்திரியில காட்டணும்டி."

"போங்கக்கா. நல்ல அறிகுறின்னு டாக்டரே சொல்றார். அங்க போனா இந்த மருந்து முறிஞ்சிடுமாம்."

மாதங்கள் போயின. ரத்தம் நிற்கவில்லை. இளையவள் முகம் வெளுத்தது. பொலிவு என்றார் டாக்டர்.

மூத்தவளுக்குக் கடையில் ஒரு வழக்கம். சரக்குக்காரர் மூன்று தரம், மூன்று விலை என்றால், பெயர்ச்சீட்டை எடுத்துவிட்டு மூன்றையும் அவர் முன்னாலேயே கொட்டுவாள். "எது எதுன்னு எடுத்துக் காட்டுங்க." காட்டினால் மூன்று விலை. தடுமாறினால் ஒரே விலை.

ஒருநாள், கூட்டம் நிரம்பிய நேரமாகப் பார்த்து, இளையவளையும் கூட்டிக்கொண்டு படியேறினாள். டாக்டர் மேசையில் மூன்று கிண்ணங்களை வைத்தாள். மூன்றிலும் வெள்ளை உருண்டை.

"சீசா லேபிளெல்லாம் நனைஞ்சு உரிஞ்சு போச்சு டாக்டர். எது சூட்டுக்கு, எது தூக்கத்துக்கு, எது கோபத்துக்குன்னு சொன்னீங்கன்னா, இவ வேளை தவறாம சாப்பிடுவா."

தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. படி முழுக்கக் காதுகள். ஒரு உருண்டையை முகர்ந்தார். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணை மூடினார்.

"இது சூட்டுக்கு. இது கோபத்துக்கு, கையில பட்டதுமே ஒரு துடிப்பு தெரியுது பாருங்க. நடுவுல இருக்கறது தூக்கத்துக்கு."

"நிச்சயமா?"

"என் கையால செஞ்சதும்மா. பெத்த பிள்ளையை அடையாளம் தெரியாதா?"

"மூணும் கேக் கடைப் பிள்ளைங்க" என்றாள் மூத்தவள். பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தாள். "கேக் மேல தூவுற சர்க்கரை மணி. ஒரே டப்பாவுல இருந்து கொட்டினேன்."

படியிலிருந்து ஒரு குரல்: "ஆனா எனக்குச் சூடு குறைஞ்சிருக்கே?"

"எனக்கும்தான் குறைஞ்சது. நான் எதுவுமே சாப்பிடலை" என்றாள் மூத்தவள்.

"நம்பறவங்களுக்குத்தான் மருந்து வேலை செய்யும்" என்றார் டாக்டர்.

"அப்ப நம்பிக்கை விற்பனைன்னு போர்டு போடுங்க. சீசா செலவாவது மிச்சமாகும்."

இளையவள் கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: "அப்ப எனக்குப் படுற ரத்தம் என்ன டாக்டர்?"

அவர் சுவரைப் பார்த்தார். "அதை... ஆஸ்பத்திரியில காட்டிக்கறது நல்லது."

அன்றுதான் அவர் முதல்முதலாகச் சரியான வைத்தியம் சொன்னார். அதற்குக் காசு வாங்கவில்லை.

கர்ப்பப்பையில் புற்றுநோய். "ரத்தம் பட்ட அன்னிக்கே வந்திருக்கணும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "சூட்டுக்கும் தூக்கத்துக்கும்கூட இங்க வைத்தியம் இருக்கு. யாரும் வந்து கேக்கறதே இல்லை."

உருண்டை டாக்டர் இப்போது வேறு தெருவில் வழுக்கைக்கு மருந்து தருகிறார். அங்கேயும் படியில் இடமில்லையாம். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற நாம், மருந்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறோம். ஒரு கேள்வி கேட்டால் நாக்கு தேய்ந்தா போய்விடும்?

கணக்கை முடிப்போம். சீசாவுக்குக் கொடுத்த பணம், மூத்தவள் சண்டை போட்டுத் திரும்ப வாங்கியது: வரவு. இளையவளின் கர்ப்பப்பை: செலவு. உயிர்: இதுவரை கையிருப்பு. இளமை திரும்பிக்கொண்டிருந்ததாகச் சொன்ன அந்த மாதங்கள்: பாக்கி. வசூலாகாது.