கொட்டாவி வழக்கு

"கடவுளை எதுக்கு சார் கொட்டாவி விட வெச்சீங்க?" என்று வக்கீல் கேட்டார்.

ஓவியர் எழுந்து போய் அறைக் கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"அது கடவுளே இல்ல சார். என் மாமனார்."

வக்கீல் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

ஓவியர் குடியிருப்பது மாமனார் வீட்டில். படம் வரைவதும் அந்த வீட்டு மாடி அறையில்தான். மாமனாரோ ஓய்வு பெற்ற நாளிலிருந்து கூடத்து நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விடுவதையே ஒரு உத்தியோகமாகச் செய்துவந்தார். "இன்னிக்காவது ஒரு படம் வித்துதா மாப்பிள்ளை?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் கொட்டாவி விட்டுவிடுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஓவியர், அந்தக் கொட்டாவியை ஆளுயரத்துக்கு வரைந்து, 'சும்மா இருப்பவர்' என்று பெயரும் வைத்தார்.

வரைந்து முடித்த பிறகுதான் மனைவியின் ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்பா என்றால் உயிர். அடையாளம் தெரியாமலிருக்க மார்புவரை வெள்ளைத் தாடி வைத்தார். தலைக்குப் பின்னாலிருந்த சுவர்க் கடிகாரம் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று முள்ளையும் எண்களையும் அழித்து மஞ்சள் பூசினார். கண்காட்சியில் தாடியையும் மஞ்சள் வட்டத்தையும் கண்ட பக்தர் சங்கத்தார், கடவுளைச் சோம்பேறி ஆக்கிவிட்டதாக வழக்குப் போட்டுவிட்டார்கள்.

"உண்மையைச் சொல்லிடுங்க சார். இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"அதான் சார் பயமா இருக்கு. ஜெயில்னா எவ்வளவு?"

"மூணு வருஷம் வரைக்கும் போடலாம்."

"பரவாயில்ல. வீட்டுல ஆயுள் தண்டனை."

வக்கீல் பெருமூச்சு விட்டார். "அப்ப கலைச் சுதந்திரம்னுதான் வாதாடணும்."

வாதாடினார்கள். மறுநாளே கலைஞர் கழகம் கோர்ட்டு வாசலுக்கு வந்து, 'கொட்டாவி எங்கள் உரிமை' என்று அட்டை பிடித்தது. அதைக் கண்டு சங்கமும் ஆள் கூட்டியது. ஓவியரின் ஒரு படத்தைக்கூடப் பார்த்திராதவர்கள் அவருக்காக அடிவாங்கத் தயாராக நின்றார்கள். பார்த்திராத மற்றவர்கள் அடிக்கத் தயாராக நின்றார்கள்.

"ஏம்ப்பா, அந்த வாயை மூடிட்டா என்ன?" என்றார் நீதிபதி.

வக்கீல்கள் இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"உங்களை இல்ல. படத்தைச் சொன்னேன்."

படம் கோர்ட்டுக்கே வந்தது. ஓவியர் எல்லார் முன்னிலையிலும் தூரிகையை எடுத்து வாயை மூடினார்.

"இப்ப கடவுள் எங்க மேல கோவமா இருக்கற மாதிரி இருக்கு" என்றார் சங்கத் தலைவர்.

"கலையை அடகு வெச்சுட்டார். இவர் மேல நாங்களும் கேஸ் போடறோம்" என்றார் கலைஞர் கழகத் தலைவர்.

இதெல்லாம் ஓவியரின் காதில் ஏறவில்லை. வாய் திறந்திருந்த வரைக்கும் கோணிக்கொண்டிருந்த முகம், மூடியதும் அச்சு அசலாக மாமனார் முகமாகிவிட்டது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் முன் வரிசையில் மகள் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, இந்தக் கடவுளை எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி மெதுவாக.

"கடவுள் எங்கயும்தானே இருக்கார்." ஓவியருக்கு வேர்த்துக் கொட்டியது.

நீதிபதிக்குப் பசி வந்துவிட்டது. "தாடியை எடுத்துடுங்க. அந்த வட்டத்துல ரெண்டு முள்ளு போட்டுக் கடிகாரம் ஆக்கிடுங்க. யாரோ வீட்டுப் பெரியவர்னு ஆயிடும். சரிதானே?"

சங்கமும் கழகமும் முதல் தடவையாக ஒத்துப்போய்த் தலையாட்டின. ஓவியர் மட்டும் தூரிகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"முடியாது. என் சுதந்திரத்துல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் ஓவியர். கலைஞர் கழகம் பழைய கோபத்தை மறந்து கைதட்டியது.

"சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் தாடி படத்துக்குள்ள இருக்கக் கூடாது. இருந்தா நீங்க உள்ள இருப்பீங்க" என்று நீதிபதி எழுந்து போனார்.

ஓவியர் வராந்தா பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். மாமனார் வந்து பக்கத்தில் அமர்ந்து அவர் தோளில் கை வைத்தார்.

"தாடியை மட்டும் எடுத்துடாதீங்க மாப்பிள்ளை. கொள்கைக்காக ஜெயிலுக்குப் போறதுன்னா சும்மாவா?"

ஓவியருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேரில் தன் பக்கம் நின்ற ஒரே மனிதரையா அப்படி வரைந்தோம் என்று வெட்கமாக இருந்தது. இவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க. அந்தப் படத்துல இருக்கறது..."

"என் கொட்டாவி எனக்குத் தெரியாதா?" மாமனார் நிதானமாக ஒரு கொட்டாவி விட்டு முடித்தார். "மாமனார் மனசு புண்பட்டா கேஸ் போடச் சட்டத்துல வழியில்லையாம், கடவுள் விஷயம்னாத்தான் உண்டாம், அதான் சங்கத்துக்காரங்களைக் கூட்டிட்டுப் போய்ப் படத்தைக் காட்டினேன்."