குக் விட்ட ஆறு ரன்னும் உன் அப்பாவின் பிரஷரும்

ஜெலுத்தோங், பினாங்கு.
புதன்கிழமை, சாயங்காலம்.

ஜொகூரில் இருக்கும் அன்பு மகள் நிலானிக்கு உன் சின்னையா மாமா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பிரசவத்துக்குத் துணையாக வந்திருக்கும் உன் அம்மா புஷ்பராணி அக்கா, இன்னும் வெளியே வராத சின்னவர், நாலு பேரும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். உன் அப்பா சுகமா என்று கேட்டால் அதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் விழுந்த மறு நிமிஷம் போன் அடித்துத் திட்டுவே. கடிதம் என்றால் எனக்கு இரண்டு நாள் கிடைக்கும்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன், உன்னோடு வைத்துக்கொள். பதினைந்து வருஷமாக உன் அப்பாவோடு அவருடைய இங்கிலாந்துக்காரன் குக் இல்லை, நம்ம சேவாக்தான் பெரிய ஓப்பனிங் பேட்ஸ்மேன் என்று சண்டை போடுகிறேனே, அந்த சேவாக் டெஸ்ட் மேட்ச் ஆடி நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. ஒரு தடவை உங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன், மூணாவது ஓவரில் தூங்கிப்போனேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் லிட்டில் இந்தியா முடி வெட்டும் கடையில் காதில் விழுவதுதான். தலையில் முடி இல்லாத எனக்கு மாசம் ஒரு தடவை அங்கே என்ன வேலை என்று இப்போது புரிந்திருக்கும். அங்கே கேட்டதை இங்கே வந்து அவிழ்த்துவிடுவேன், உன் அப்பா குதிப்பார், எனக்கு அன்றைய சாப்பாடு செரிக்கும். இன்னொன்று, நான் நாலாம் வகுப்பு. குழாய்த் தண்ணீர் வரவில்லை என்று எழுதும் புகார் முதல் முதலாளிக்கு எழுதும் லீவு கடிதம் வரை உன் அப்பா சிவப்புப் பேனா போடாமல் என் கையெழுத்து வெளியே போனதில்லை. இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் மூன்று தடவை சொன்னாய், "மாமா, அப்பா பக்கத்திலேயே இருங்க, கிரிக்கெட் மட்டும் பேசாதீங்க" என்று. கணக்கு எனக்கும் தெரியும்லா. ஹெர்னியா ஆப்பரேசன் பிரஷரால் ஏற்கனவே இரண்டு தடவை தள்ளிப்போனது. ஆப்பரேசன் முடிந்து ஆறு வாரம் எதையும் தூக்கக்கூடாது, அது நாற்பத்திரண்டு நாள். நாளையிலிருந்து உனக்குப் பிரசவத்துக்குப் பதினாலு நாள், அதிலிருந்து முப்பத்தோராம் நாள் பேர் வைப்பது, ஆக நாற்பத்தைந்து. நாளைக்குக் காலையில் வெட்டினால்தான் அன்றைக்குப் பேரப்பிள்ளையைக் கையில் தூக்க முடியும். மூன்று நாள்தான் மிச்சம். பிரஷர் நூற்று அறுபதுக்கு மேல் போனால் லிஸ்டில் பேர் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வார்டு நர்ஸ், மிஸ்ஸி நூருல் ஹுதா, வந்து பிரஷர் அளந்தாள், 152. நான் வாயையே திறக்கவில்லை, அந்த முருகன் மேல் சத்தியம். அவள்தான் "அங்கிள், பயமா?" என்று கேட்டாள், உன் அப்பா உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "பயமோ? புதுப் பந்துக்கு முன்னால குக் நிண்ட மாதிரி நிக்கிறன்" என்றார். மிஸ்ஸிக்கு குக் யார் என்று தெரியவில்லை, என்னைப் பார்த்தாள். என் வாய் இருக்கிறதே, அது என் பேச்சைக் கேட்காது. "முந்நூறுக்கு ஆறு ரன் இருக்கையில அவுட் ஆன ஆளு மிஸ்ஸி. எங்க சேவாக் முந்நூறையே சிக்ஸர் அடிச்சுத் தொட்டவன், அவன்கிட்டே ஒண்ணைக் கடன் கேட்டிருக்கலாம்" என்றேன். அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் மிஸ்ஸி மறுபடி பட்டையைக் கட்டினாள், 188. "அங்கிள், கெலுவார்!" என்று என்னைத்தான் வெளியே போகச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து கிடந்த அஸ்லான் கைதட்டினான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலரைக்குக் கடைசித் தடவை அளப்பார்கள். உன் முகம் கண்ணில் வந்தது, பேர் வைக்கிற அன்றைக்கு அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பதும் வந்தது. மானம் போனால் போகட்டும் என்று மெல்ல உள்ளே போய், "அண்ணே, யோசிச்சுப் பார்த்தேன், குக்தான் பெரிய ஆளு, பன்னிரண்டாயிரம் ரன்னுன்னா சும்மாவா, நான் தோத்துட்டேன்" என்றேன். உன் அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"சின்னையா, டொக்டர் உம்மைத் தனியக் கூப்பிட்டுக் கதைச்சவரோ?"

"இல்லண்ணே."

"அப்ப ஏன் இவ்வளவு அன்பாக் கதைக்கிறீர்? நிலானிக்குச் சொல்லியாச்சோ?"

"என்னத்தைச் சொல்றது?"

"மறைக்காதையும். எனக்கு எவ்வளவு நாள் இருக்கு?"

196. மிஸ்ஸி என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி கரைந்துபோனேன். மணி நாலே கால்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மனுஷனுக்குப் பிரஷர் ஏறினது சண்டையால் இல்லை, சொல்ல வந்த பதில் தொண்டையில் நின்றதால். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க இருந்து எங்க எல்லாரையும் அறுக்கத்தான் போறீங்க. பாவம்னு ஒரு வார்த்தை விட்டேன், அது தப்பு. குக் ஆடினா பார்க்கிறவனுக்கு ஓவர்டைம் கொடுக்கணும். அந்த ஆறு ரன்னுக்கு இப்ப பதில் சொல்லுங்க!" என்றேன்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "ஓ, சொல்றன். அது எந்த மட்ச் தெரியுமோ? ரெண்டாயிரத்துப் பதினொன்று, பர்மிங்காம். எங்கட ஆள் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல நிண்டு இருநூற்றுத் தொண்ணூற்று நாலு. அதே மட்சில உம்மட சேவாக் எவ்வளவு?"

முடி வெட்டும் கடையில் இதை யாரும் சொன்னதில்லை. "எவ்வளவுண்ணே?"

"முதல் இன்னிங்ஸ், முதல் பந்து, அவுட். ரெண்டாவது இன்னிங்ஸ்?"

"சொல்லுங்க."

"முதல் பந்து! அவுட்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் தலையைத் தொங்கப் போட்டேன், நடிப்பு இல்லை. அவர் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர் மாதிரி தலையணையில் சாய்ந்தார். மிஸ்ஸி அளந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள். 146. நாளைக் காலை எட்டு மணிக்கு முதல் ஆள் உன் அப்பாதான், ஓப்பனிங்.

ஆகையால் மகளே, கவலையை விடு. நேரத்துக்குச் சாப்பிடு, மாடிப்படி ஏறாதே. புஷ்பராணி அக்காவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் அன்பு. சின்னவர் கை கால் சுகத்தோடு வந்து, தாத்தா மடியில் உட்கார்ந்து, சேவாக் கட்சியில் சேர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமா சின்னையா

பி.கு.: வியாழன் காலை ஏழு மணி. பழக்க தோஷத்தில் கடிதத்தை உறையில் போடும் முன் உன் அப்பாவிடம் பார்க்கக் கொடுத்துவிட்டேன். பதினேழு பிழை இருந்தது, மேலே சிவப்பில் தெரிவதெல்லாம் அவர் திருத்தியது. 'ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை' என்ற இடத்தில் பிழை இல்லை, ஆனாலும் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். பிறகு மிஸ்ஸி வந்து அளந்தாள், 201. ஆப்பரேசன் அடுத்த வியாழக்கிழமை. அதிலிருந்து ஆறு வாரம் என்றால் இன்றையிலிருந்து நாற்பத்தொன்பதாவது நாள், நம்மிடம் இருப்பது நாற்பத்தைந்து. அதனால் நீ சேவாக் மாதிரி அவசரப்படாமல், குக் மாதிரி ஒரு நாலு நாள் கூடுதலாக நின்று ஆடவும்.