திரையில் ஓடிய ஆட்டம்

கனடாவின் வான்கூவரில் ஃபுட்பால் இறுதியாட்டம் தொடங்கி ஏழு நிமிஷம் ஆகிவிட்டது. ரெஜைனா நகரச் சதுக்கத்துப் பெரிய திரை மட்டும் இன்னும் கறுப்பாகவே இருந்தது. மைனஸ் பதினைந்து குளிரில் ஊர் அணியின் பச்சைச் சட்டை போட்ட ரசிகர்கள் முந்நூறு பேர் காலை உதறிக்கொண்டு நின்றார்கள்.

கொண்டாட்டத்துக்குப் பொறுப்பு லோரேன். நகராட்சி வேலையில் அவளுடைய முதல் விழா. "ஆயிரம் பேராவது வரலைன்னா அடுத்த வருஷம் இந்தக் கூத்தே கிடையாது" என்று மேலதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

"என்னய்யா ஆச்சு, டாரில்?"

திரையை இயக்குகிற டாரில் உதட்டைப் பிதுக்கினான். "சிக்னல் செத்துப்போச்சு மேடம். பழைய ஆட்டம் ஒண்ணு கைவசம் இருக்கு. இதே எதிரணி, நாம கோப்பை வாங்கினது. போட்டுடட்டா?"

"ஐயோ, கண்டுபிடிச்சா தோலை உரிச்சிடுவாங்க!"

"அப்ப இந்தக் கறுப்பையே பார்க்கட்டுமா?"

போட்டான். திரையின் மூலையில் அந்தப் பழைய ஆட்டத்தின் வருஷம் பளிச்சென்று தெரிந்தது. லோரேன் பதறி ஏணியில் ஏறி அதன்மேல் ஒரு பச்சைக் கொடியைக் கட்டினாள். கொடி ஸ்கோரையும் சேர்த்து மறைத்தது. அதனால் ஏணியிலேயே தொங்கியபடி, கொடிக்குள் எட்டிப் பார்த்து, ஸ்கோரை அவளே மைக்கில் கத்த வேண்டியதாயிற்று. யாராவது செல்போனை எடுத்து நிஜ ஸ்கோரைப் பார்த்துவிட்டால்?

"ரெண்டு கையும் மேலே! தட்டுங்க, நிறுத்தக் கூடாது!"

தட்டினார்கள் பாருங்கள், அம்மாடியோவ்! சத்தம் கேட்டுத் தெருத் தெருவாக ஜனம் திரண்டது. ஊர் அணி ரசிகர்களின் வழக்கப்படி தர்பூசணியைக் குடைந்து தொப்பியாகக் கவிழ்த்தவர்கள், முரசுக்காரர்கள், சாப்பாட்டுத் தட்டோடு ஓடி வந்தவர்கள் என்று ஐயாயிரம் பேர் இருக்கும். மேயரே வந்துவிட்டார். டிவி காமிராவும் வந்தது. லோரேன் கொடியின் முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

ஆனாலும் அந்தக் கூட்டத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மூச்செல்லாம் புகையாக மேலே எழும்ப, ஊர் முழுக்க ஒரே குரலில் பாடியது. பிறந்ததிலிருந்து இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை, உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த ஜனத்தையா ஏமாற்றுகிறோம் என்று அழுகையும் வந்தது.

திரையில் ஊர் அணி கோப்பையைத் தூக்கியதும் சதுக்கமே குலுங்கியது. அதற்குமேல் தாங்காமல் லோரேன் ஏணியிலிருந்து இறங்கி வந்து, துள்ளிக்கொண்டிருந்த ஒரு தர்பூசணித் தலைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. இது பழைய ஆட்டம். உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

"அட, அது முதல் நிமிஷமே தெரியும் கண்ணு. நிஜ ஆட்டத்துல நாம தோத்துட்டோம், நீ அவ்வளவு ஆசையா கத்தினியே, மனசு விட்டுடுவியேன்னுதான் ஊரே சேர்ந்து உன்கிட்ட மறைச்சோம்!"