மரமே செய்த ஸ்டூல்

தன்னடக்கத்தைத் தட்டில் வைத்து, துணி போட்டு மூடி, நாலு பேர் கூடிய பிறகே திறந்து காட்டும் ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. இவர்களுக்கு அடக்கசாமி என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். கையால் எதையாவது செய்துவிட்டார்கள் என்றால் தொலைந்தோம்.

என் பக்கத்து வீட்டு அடக்கசாமிக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஆறு மாதம் விடுமுறை நாளெல்லாம் ரம்பத்தோடு மல்லுக்கட்டி, கட்டிடத்தையே அதிரவைத்து, ஒரு ஸ்டூல் செய்தார். செய்தார் என்று சொல்லக் கூடாதாம்.

"நான் யாருங்க? மரத்துக்குள்ள ஸ்டூல் இருந்துச்சு. நான் சும்மா தூசி தட்டினேன்."

அதைப் பார்க்க எங்களை அழைத்திருந்தார். கூடத்து நடுவில், வெள்ளைத் துணிக்குள் ஸ்டூல். வீட்டு நாற்காலிகளையெல்லாம் 'பார்வைக்கு இடைஞ்சல்' என்று உள்ளே போட்டுப் பூட்டியிருந்தார். எட்டு மாத வயிற்றோடு நாலு மாடி ஏறி வந்த அவர் தங்கைக்கு உட்கார இடமில்லை.

"அண்ணா, கால் கடுக்குதுண்ணா."

"ரெண்டே நிமிஷம்மா. முதல்ல மரத்துக்கு நன்றி சொல்லிடுவோம்."

சொன்னோம். துணியை விலக்கினார். கண்ணை மூடித் தடவச் சொன்னார், தடவினோம். முகரச் சொன்னார், வார்னிஷ் நெடியில் எனக்குத் தும்மல் வந்தது. அப்புறம், தான் எவ்வளவு சாதாரணமானவர் என்பதை ஒன்றுவிடாமல் இருபது நிமிடம் விளக்கினார். சுவரில் சாய்ந்து காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாகவும் இவரைப் பார்க்க எரிச்சலாகவும் இருந்தது. ஸ்டூல் எதற்கு ஐயா? உட்காரத்தானே?

"போதும்ண்ணா" என்று அவள் உட்கார்ந்தே விட்டாள்.

டக். ஸ்டூல் இடப்பக்கம் சாய்ந்தது. டக். வலப்பக்கம். ஒரு கால் குட்டை.

"என்னண்ணா, இப்படி ஆடுது?"

அடக்கசாமி அசரவில்லை. "நான்தான் அப்பவே சொன்னேனேம்மா, எல்லாம் மரம் பண்ணினதுன்னு!"

தங்கை எழுந்தாள். அந்த வெள்ளைத் துணியை நாலாக மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் செருகிவிட்டு, நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் விருந்தாளிக்குத் தட்டை வைத்து, "சுமாராத்தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் முதல் வாய் விழுங்கும்வரை அங்கேயே நின்றது யார்? அவரும் ஒரு வாய் தின்றுவிட்டு, "ஆமாங்க, சுமார்தான்" என்று ஒத்துக்கொண்டிருந்தால், மறுபடி அவரை வாசற்படி ஏற விட்டிருப்பீர்களா?