சுவிட்ச் பாயும் விற்க முடியாத காரும்

ரிப்பேர் செய்யலாமா, விற்கலாமா, வேறு வண்டி வாங்கலாமா என்று ஆறு வருஷம் யோசித்து, அந்த ஆறு வருஷமும் அதே காரை ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். பெரம்பலூரில் அவர் என் வீட்டு ஓனர். மாடியில் நான், கீழே அவரும் அவர் மனைவி ஆயிஷாக்காவும், பக்கத்து ஷெட்டில் அந்தக் கார்.

ஊரில் அவருக்குப் பெயர் சுவிட்ச் பாய். அவர் கார் பெட்ரோலிலும் ஓடும், கேஸிலும் ஓடும். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச். மேலே தள்ளினால் கேஸ், கீழே தள்ளினால் பெட்ரோல். காலையில் பெட்ரோலில் கிளப்பி, இன்ஜின் சூடானதும் கேஸுக்கு மாற்றினால் போதும். பாய்க்கு அது போதாது. மேடு வந்தால் பெட்ரோல், இறக்கம் வந்தால் கேஸ், எதிரே தெரிந்தவர் யாராவது வந்தால் சும்மா ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் கார் ஒருமுறை விக்கும். பத்து விக்கலுக்கு ஒருமுறை நின்றே விடும்.

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. பக்கத்து லப்பைக்குடிக்காட்டிலிருந்து சவுதிக்கும் துபாய்க்கும் போகிறவர்களைத் திருச்சி ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதுதான் பாயின் தொழில். மற்ற டிரைவர்கள் காலையில் கிளம்பினால், பாய் முந்தின நாளே கிளம்பிவிடுவார். ஒருமுறை வழியில் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பக்கத்தில் கார் படுத்துக்கொண்டது. ஏறியிருந்தவர் கோட்டைக்கு மேலே போய்ச் சுற்றிப் பார்த்து, இறங்கி வந்து, டீயும் குடித்த பிறகுதான் அது எழுந்தது. "பத்து வருசமா இந்த வழியாத்தான் போறேன் பாய். இன்னைக்குத்தான் கோட்டையப் பாத்தேன்" என்று நன்றி சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறினார்.

இந்தக் காரில் ஏன் ஏறினார்கள் என்று கேட்பீர்கள். இதில் ஏறிப்போன யாரும் நல்லபடியாகத் திரும்பாமல் இருந்ததில்லை. அதனால் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு பிடிவாதம். "எம்மவன ஏத்திட்டுப் போன வண்டியிலதான் அவன் திரும்பி வரணும்" என்பார்கள். பாய்க்கு அவர்களைவிடப் பிடிவாதம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஷெட்டில் மஷூரா கூடும். கலந்து பேசி முடிவெடுக்க மூன்று பேர்: பாய், மெக்கானிக் செல்வம், நான்.

"வால்வு பூரா கருகிடுச்சு பாய். இன்ஜின எறக்கித்தான் ஆவணும்" என்பான் செல்வம்.

"அப்ப எறக்கிடுவோம்."

"அதுக்கு இத வித்துட்டு ஒரு டீசல் வண்டி எடுத்துடலாமே பாய்" என்பேன் நான்.

"அதுவும் நல்ல யோசனைதான். வித்துடுவோம்."

செல்வமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். பாய் தாடியைத் தடவியபடி விரல் மடக்க ஆரம்பிப்பார். "ஜித்தாவுல ரெண்டு பேரு, குவைத்துல மூணு பேரு, துபாயில ஒருத்தரு. இவங்கள மட்டும் கொண்டாந்து வூட்டுல வுட்டுட்டு, அப்பறம் வித்துடுவோம், இன்ஷா அல்லாஹ்."

ஒருவரை அழைத்துவர ஏர்போர்ட் போகும்போதே இன்னொருவரை ஏற்றிக்கொண்டு போவார். ஆள் எங்கே குறைவது?

ஆனால் குறைந்தது. டவுனில் புதுப்புது ஏசி வண்டிகள் வந்தன. புதிதாக வெளிநாடு போகிறவர்கள் அவற்றில் ஏறினார்கள். ஏற்கெனவே போனவர்கள் மட்டுமே பாய்க்கு மிச்சம். மூன்று பேர் ஆனது, இரண்டு ஆனது. அந்த நேரத்தில் எனக்கு அரியலூருக்கு மாற்றல் வந்தது.

பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். பாய் விடவில்லை. மெத்தையை மேலே கட்டி, ஸ்டவ்வை என் மடியில் வைத்து, நாலு இடத்தில் நின்று, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிக் கொண்டுபோய் இறக்கினார்.

"தம்பி, நீங்களும் நம்ம வண்டியில வந்துட்டீங்க. நாந்தான் திரும்பக் கூட்டிட்டுப் போவேன். பஸ்ல வந்துடாதீங்க."

"அரியலூர் என்ன அரபு நாடா பாய்?" என்று சிரித்தேன்.

"ஊர வுட்டுப் போறதுன்னா எல்லாம் ஒண்ணுதான் தம்பி."

மாதம் தவறாமல் ஆபீசுக்குப் போன் வரும். "எப்ப வரீங்க? வண்டி கொண்டாரவா?" அடுத்த வாரம் என்பேன். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. அடுத்த வாரம் மட்டும் வரவேயில்லை.

ஒருநாள் செல்வம் அரியலூர் வந்தவன் என்னைப் பார்த்துவிட்டுப் போக வந்தான். "துபாய்க்காரரும் வந்து எறங்கிட்டாரு சார். இப்ப வண்டிய வெல கேட்டு ஆளு வந்தா, இன்னும் ஒருத்தர் பாக்கின்னு திருப்பி அனுப்புறாரு. அது நீங்கதான் சார்."

வெட்கமாகப் போய்விட்டது. அன்றே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

ஞாயிறு காலையில் வந்தது கார் இல்லை, போன்தான். பாதி வழியில் கார் நின்றுவிட்டதாம். பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். கொளுத்தும் வெயில். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் கிரீஸோடு நின்றிருந்தார் பாய். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்க ஏன் பஸ்ல வந்தீங்க? திரும்பிப் போங்க தம்பி. செல்வம் வந்துகிட்டிருக்கான். நான் சரி பண்ணிட்டு அரியலூருக்கே வந்து ஏத்திக்கிறேன்."

நான் சிரித்திருக்க வேண்டும். பேசாமல் அடுத்த பஸ்ஸில் அரியலூருக்குப் போய் வாசலில் காத்திருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்.

"ஒங்க கிறுக்குக்கு ஒரு அளவே இல்லையா பாய்? இந்தத் தகரத்த இன்னைக்கே எடைக்குப் போடுங்க!"

ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பாய் பானெட்டை மெதுவாக இறக்கி, இரண்டு கையாலும் அழுத்தி மூடினார். "சரி தம்பி" என்றார். ஆறு வருஷ மஷூராவில் முடியாததை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, நான் வந்த வழியே பஸ் ஏறினேன்.

அந்த வாரமே காரைக் கொடுத்துவிட்டார். போன் வருவதும் நின்றது. மூன்று மாதம் கழித்து, மன்னிப்புக் கேட்கப் பெரம்பலூர் போனேன். வாசலுக்கு ஓடிவந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆயிஷாக்கா டீ கொடுத்தார். ஷெட்டில் விறகு அடுக்கியிருந்தது. நான் பேச்சை ஆரம்பிக்க வாயெடுக்கும்போதெல்லாம் பாய் வேறு எதையாவது கேட்டார். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பஸ்ல உக்கார எடம் கெடைச்சுதா தம்பி?" என்றுதான் கேட்டார்.

கிடைத்தது பாய். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பெரம்பலூர் வந்திருக்கிறேன், எப்போதும் இடம் கிடைத்தது. ஊர் திரும்பிவிட்டேன் என்று மட்டும் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.