மேஜருக்கு இன்னும் மூன்று பவுண்டு

என் மனைவிக்கும் ஹார்லன் வீன்ஸ்ட்ராவுக்கும் நடுவில் நாலடி உயரத்துக்கு ஒரு கம்பி வேலி இருந்தே தீர வேண்டும் என்று ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு நான் முடிவு செய்தேன். வேலியை நான் கட்ட வேண்டியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நகராட்சி எப்போதோ கட்டி வைத்துவிட்டது. நோரீனை அதற்கு அந்தப் பக்கம் தள்ளுவதுதான் பாக்கி.

எங்கள் வீட்டில் மேஜர் என்று ஒரு நாய் இருக்கிறான். பெயர்தான் மேஜர், உருவம் சிப்பாய் வேலைக்குக்கூடத் தேறாது. எடை மொத்தம் இருபத்திரண்டு பவுண்டு, அதாவது பத்து கிலோ. தினமும் காலையில் நோரீன் அவனை நாய்ப் பூங்காவுக்கு அழைத்துப் போவாள். அங்கே கயிற்றை அவிழ்த்து விட்டுவிடலாம். நாய்கள் இஷ்டத்துக்கு ஓடும், மனிதர்கள் நின்று வம்பளப்பார்கள். இரண்டு வருஷமாகப் போகிறாள். இரண்டு வருஷமாக நான் சாய்வு நாற்காலியில் கிடந்து, காபியைக் குடித்தபடி, வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் செல்போனை மறந்துவிட்டுப் போனாள். கொடுக்கலாம் என்று போனேன். பூங்காவின் வாசல் கதவைத் தொடுவதற்கு முன்பே அவள் சிரிப்பு கேட்டது. சாதாரணச் சிரிப்பில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் நான் எதைச் சொன்னாலும் அப்படித்தான் சிரிப்பாள். பிறகு அது எங்கே போயிற்று என்று நான் தேடவே இல்லை. இதோ, இங்கே இருக்கிறது. பக்கத்தில் இருந்தது ஒரு ஆணின் முழங்கை.

வீட்டுக்கு வந்ததும் விசாரணையை ஆரம்பித்தேன்.

"யாரு அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"நீ பிடிச்சிட்டிருந்தியே, அந்த முழங்கை."

"ஓ, டூலிப் அப்பாவா?"

"டூலிப் யாரு?"

"டாக்ஸுண்ட். குட்டைக் காலு, நீட்ட உடம்பு. அங்க யாருக்கும் மனுஷங்க பேரு தெரியாது, டுவைட். நாய் பேரை வெச்சுத்தான். என்னை மேஜர் அம்மான்னு கூப்பிடுவாங்க."

"அப்ப நான் மேஜர் அப்பா."

"நீ இருக்கறதே அங்க யாருக்கும் தெரியாதே," என்றாள் நோரீன், மேஜரின் பாதத்தைத் துடைத்தபடி.

மேலும் விசாரித்ததில் கிடைத்த தகவல்கள் எதுவும் எனக்குச் சாதகமாக இல்லை. பெயர் ஹார்லன். ஓய்வு பெற்ற பல் மருத்துவர். மனைவி இறந்து நாலு வருஷம். வயது அறுபத்தாறு, பற்கள் அத்தனையும் சொந்தம். தினமும் ஃபிளாஸ்கில் காபி கொண்டுவருவார். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு கோப்பை?

பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம். வயிறு எரிந்தது. அந்த ஃபிளாஸ்கை நினைத்தால் என் காபி கசந்தது.

முதல் திட்டம் மிகவும் நாகரிகமானது. "நோரீன், தினமும் ஒரே பூங்காதானா? பாவம் மேஜர். சனிக்கிழமை சனிக்கிழமை புதுப் புது இடமா கண்டுபிடிச்சுக் கூட்டிட்டுப் போகலாம்" என்றேன். வரைபடத்தில் தேடி, மிச்சிகன் ஏரிக்கரையில் முப்பது மைல் தள்ளி நாய்களுக்கென்றே ஒரு கடற்கரை இருப்பதைக் காட்டினேன். ஏரிதான், ஆனால் அக்கரை தெரியாத தண்ணீருக்கு நாங்கள் கடல் மரியாதை கொடுத்துவிடுவோம். நோரீன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வாசலில் ஹார்லன் நின்றார். கையில் டூலிப். இன்னொரு கையில் ஃபிளாஸ்க்.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றாள் நோரீன். "இடம் கண்டுபிடிச்சது டுவைட்தான்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்."

"ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு," என்று ஹார்லன் என் கையைக் குலுக்கினார்.

காரை நான் ஓட்டினேன். நோரீனும் ஹார்லனும் மேஜரும் பின்சீட்டில். என் பக்கத்தில் டூலிப். முன்னால் பார்த்து உட்கார்ந்தால் டூலிப்புக்கு வாந்தி வராதாம். பன்னிரண்டாவது மைலில் வந்தது. கரையில் ஹார்லன் குச்சியை எறிந்தார், மேஜர் அலைக்குள் பாய்ந்து எடுத்து வந்தான், நோரீன் கைதட்டினாள். நாய்கள் போனதைப் பொறுக்குகிற பையை யாராவது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? மூன்று மணி நேரம் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை இடத்தை நோரீனுக்கே சொல்லவில்லை. காரில் ஏறியபிறகுதான் சொன்னேன். காட்டுக்குள், ஓடையோரமாக, வேலி போட்ட ஒரு நாய்ப் பூங்கா. ஈ காக்கை இல்லை. நோரீன் நாற்பத்தொரு படம் எடுத்து யாருக்கு அனுப்பினாள் என்று நான் சொல்ல வேண்டுமா? உடனே பதில் வந்தது. ஓடையைத் தாண்டினால் வலது பக்கம் நல்ல பெஞ்சு ஒன்று இருக்கிறதாம், வெயில் படாதாம், அங்கே உட்காரச் சொன்னார். அந்த வட்டாரத்தில் ஹார்லன் கண்டுபிடிக்காத நாய்ப் பூங்காவே கிடையாது. நான் நிழலில், அந்த ஆள் சொன்ன பெஞ்சில் உட்கார்ந்து வெந்துகொண்டிருந்தேன்.

அன்று மாலைதான் எங்கள் ஊர்ப் பூங்காவின் அறிவிப்புப் பலகையை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். மனிதன் ஆத்திரத்தில்தான் இதையெல்லாம் படிக்கிறான். பூங்காவை ஒரு கம்பி வேலி இரண்டாகப் பிரிக்கிறது. இருபத்தைந்து பவுண்டுக்குக் கீழே சின்ன பக்கம். மேலே போனால் பெரிய பக்கம். ஜூன் முதல் சனிக்கிழமை எல்லா நாய்களையும் எடை போட்டு, கழுத்துப் பட்டையில் மாட்ட ஒரு வில்லை கொடுப்பார்கள். சின்ன பக்கத்துக்கு மஞ்சள், பெரிய பக்கத்துக்கு நீலம். ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது.

டூலிப் பதினொரு பவுண்டு. ஆயுளுக்கும் சின்ன பக்கம்தான். மேஜர் இருபத்திரண்டு. இன்னும் மூன்றே பவுண்டு ஏறிவிட்டால் நோரீன் வேலிக்கு அந்தப் பக்கம்! நான் பலகையை முத்தமிடாததற்கு ஒரே காரணம், அதன் காலை அதற்கு முன் பல நாய்கள் பயன்படுத்தியிருந்தன.

மறுநாளே வேலையில் இறங்கினேன். நோரீன் குளிக்கப் போனதும் பேக்கன் வறுப்பேன். பன்றி இறைச்சியின் கொழுப்பு வாசனைக்கு மேஜர் பின்னங்காலில் எழுந்து நிற்பான். அவனுக்கு ஒரு துண்டு, எனக்கு ஒரு துண்டு. தனியாகச் சாப்பிட அவனுக்குக் கூச்சம். பிறகு சீஸ். பிறகு விரலில் வேர்க்கடலை வெண்ணெய், அவனுக்கு ஒரு விரல், எனக்கு ஒரு விரல். இரவில் நெஞ்சைக் கரிக்கும். பொறாமைதான் என்று நினைத்துக்கொள்வேன்.

எடை பார்ப்பதுதான் சிரமம். எடை மிஷினில் நாய் நிற்காது. நாய் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு ஒரு வழி தெரியும். நாயைத் தூக்கிக்கொண்டு நாமே ஏறி நிற்க வேண்டும். வந்ததில் நம் எடையைக் கழித்தால் மிச்சம் நாய். என் எடை நூற்றுத் தொண்ணூற்றெட்டு. முதல் நாள் இருவரும் சேர்ந்து இருநூற்று இருபது. இரண்டாவது வாரம் இருநூற்று இருபத்திரண்டு. மேஜரின் நெற்றியில் முத்தம் கொடுத்தேன்.

குளியலறைக் கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரோட பேசிட்டிருக்க?"

"மேஜரோட."

"குளியலறையில என்ன பேச்சு?"

"ஆம்பளைங்க பேச்சு, செல்லம்."

ஒரு நாள் குளிர்பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"ரெண்டு பாக்கெட் பேக்கன் வாங்கி வெச்சேனே, எங்க போச்சு?"

"கெட்டுப் போயிருந்தது. தூக்கிப் போட்டுட்டேன்."

"ரெண்டுமா?"

"ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கெட்டுப் போச்சு."

நோரீன் என்னைப் பார்த்தாள். பிறகு மேஜரைப் பார்த்தாள். மேஜர் என்னைப் பார்த்தான். அவனுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. ஆனால் அவள் குளிர்பெட்டியை மூடிவிட்டாள். தப்பித்தோம் என்று இருந்தேன்.

ஜூன் முதல் சனிக்கிழமை விடியற்காலை கடைசியாக ஏறி நின்றேன். இருநூற்று இருபத்தாறு! மேஜர் இருபத்தெட்டு! தேவைக்கு மேலேயே இருந்தது. என் மன நிறைவுக்கு ஏற்ற மாதிரி கால்சட்டைகூட இறுக்கமாக இருந்தது.

பூங்கா வாசலில் ஆர்டித் நின்றார். பூங்காவின் தன்னார்வத் தொண்டர். ஆரஞ்சுச் சட்டை, கழுத்தில் விசில், கையில் பேரேடு. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் ஊரில் இல்லை. கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கிய தட்டையான எடை மிஷின் தரையில் இருந்தது. ஹார்லன் எனக்கும் ஒரு கோப்பை காபி நீட்டினார். மூன்றாவது கோப்பை எங்கிருந்து வந்ததோ. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தோற்கப் போகிறவரிடம் காபி வாங்கிக் குடிப்பது முறையல்ல.

"மேஜர்!" என்று ஆர்டித் கூப்பிட்டார்.

மேஜர் ஏறி உட்கார்ந்தான். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். சட்டம்னா சட்டம், நோரீன், நாம என்ன பண்றது, என்ற வசனத்தை முந்தின நாளே ஒத்திகை பார்த்திருந்தேன்.

"இருபத்தொண்ணரை. மஞ்சள்," என்றார் ஆர்டித்.

"மிஷின் ரிப்பேர்!" என்று கத்தினேன்.

"இப்பத்தான் டூலிப்பைப் போட்டேன். பதினொண்ணு. போன வருஷமும் பதினொண்ணு."

"வீட்ல இருபத்தெட்டு காட்டிச்சே!"

சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

"வீட்ல எதுக்கு நாயை எடை போட்ட, டுவைட்?" என்றாள் நோரீன், ரொம்ப மெதுவாக.

"சும்மா. ஒரு அக்கறை."

"எப்படிப் போட்ட?"

"தூக்கிட்டு நின்னு, என் எடையைக் கழிச்சேன்."

"உன் எடை எவ்வளவு?"

"நூத்தித் தொண்ணூத்தெட்டு."

"எப்பப் பார்த்தது?"

"ஜனவரில. டாக்டர்கிட்ட."

ஆர்டித் பேனாவால் மிஷினைக் காட்டினார். "ஏறுங்க."

"நான் நாயில்லையே, அம்மா."

"வரிசை காத்திட்டிருக்கு. ஏறுங்க."

ஏறினேன். இருநூற்று நாலரை. மேஜர் ஒரு பிடி கூடவில்லை, அரை பவுண்டு இளைத்திருந்தான். ஆறரை பவுண்டும் நான். ஹார்லன் தன் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். அவர் ஷூவுக்கு நாடாவே கிடையாது.

"மூணாவது நாளே உன் ஸ்வெட்டர் பையில பேக்கன் இருந்தது," என்றாள் நோரீன். "நீ குடுக்கற அளவுக்கு நான் அவன் தட்டுல குறைச்சுட்டே வந்தேன். உனக்கு எப்படிக் குறைக்கறதுன்னுதான் தெரியலை."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த?"

"எதுக்கு நீ இதைப் பண்றேன்னு முதல்ல புரியலை. பலகையைப் படிச்சப்புறம் புரிஞ்சுது. முப்பத்தோரு வருஷத்துல எனக்காக நீ இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததே இல்லை. நிறுத்த மனசு வரலை."

மிஷினிலிருந்து இறங்கினேன். "அந்தச் சிரிப்பு, நோரீன். அதை அங்க போய்ச் சிரிக்கறியேன்னு எனக்குத் தாங்கலை."

"அவர் உன்னை மாதிரி ஜோக் அடிக்கறவர் இல்லை, டுவைட். அன்னிக்கு நான்தான் நீ சொன்ன ஜோக்கை அவருக்குச் சொல்லிச் சிரிச்சிட்டிருந்தேன். கேக்க நீ எங்க வந்த? ரெண்டு வருஷமா கூட வா, கூட வான்னு கூப்பிட்டேன்."

"இனிமே வர்றேன். தினமும் வர்றேன். உன் பக்கத்துலயே நிக்கறேன்."

"நிஜமா?"

"சத்தியமா!"

நோரீன் என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு ஆர்டித் பக்கம் திரும்பினாள். "இருபத்தஞ்சு பவுண்டுக்கு மேல இருந்தா எந்தப் பக்கம்?"

ஆர்டித் பேரேட்டைப் புரட்டினார். "பெரிய பக்கம்."

"நாய்க்குத்தானே!" என்றேன்.

அவர் இன்னொரு முறை படித்துப் பார்த்தார். "நாய்னு எழுதலை," என்று சொல்லி என் கையில் ஒரு நீல வில்லையை வைத்தார்.

"ஆறரை பவுண்டு இறங்கற வரைக்கும் தினமும் பத்துச் சுத்து," என்றாள் நோரீன். "அப்புறம் வந்து என் பக்கத்துல நில்லு."

ஆக, நான் நினைத்த வேலி நினைத்த இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் நோரீன், ஹார்லன், நடுவில் ஃபிளாஸ்க், காலடியில் மேஜர். இந்தப் பக்கம் நானும், என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கிரேட் டேன் நாயும், என் ஷூவின்மேல் மட்டும் தீராத ஆசை கொண்ட இரண்டு லாப்ரடாரும். வேலியோரம் திரும்பும்போதெல்லாம் நோரீன் என்னைப் பார்த்துத் தலையைப் பின்னால் சாய்த்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பழைய சிரிப்பைச் சிரிக்கிறாள். முழங்கையை அல்ல, பெஞ்சை. கவனித்துக்கொண்டுதான் ஓடுகிறேன்.

ஹார்லன் நல்ல மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. "ஏழு சுத்து ஆச்சு, டுவைட்! இன்னும் மூணுதான்!" என்று எழுந்து நின்று கத்துகிறார்.

"ஆறு," என்கிறாள் நோரீன், காபியிலிருந்து தலையை எடுக்காமல்.